எட்டுக் குச்சி பிடிக்கும் சதுரம்

அதிபர் வீரசிங்கம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டது பன்னிரண்டாவது பெயருக்குக் கீழே. தரம் பதினொன்றில் இருபத்து மூன்று பேர். முதலாம் தவணைக் கணிதப் புள்ளிகளின்படி மேலிருந்து கீழாக அடுக்கிய பட்டியல் அது. கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்குப் பின்னேர வகுப்பு, மாதிரி வினாத்தாள், வத்தேகமவிலிருந்து வந்துபோக ஒரு டியூஷன் ஆசிரியர். கோட்டுக்குக் கீழே இருந்த பதினொரு பேரும் கணித பாட நேரத்தில் வாசிகசாலையில் உட்கார்ந்து மற்றப் பாடங்களைப் படிக்கட்டும் என்று தீர்மானித்திருந்தார்.

கணிதம் படிப்பிக்கும் கமலம் டீச்சர் பட்டியலை வாங்கிக் கோட்டுக்குக் கீழே இருந்த பெயர்களை மட்டும் படித்தார்.

வீரசிங்கம் கெட்ட மனிதர் அல்ல. யாழ்ப்பாணத்தில் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, பாடசாலைக்குப் பின்னாலிருந்த ஓர் அறையில் தானே சமைத்துச் சாப்பிடுகிறவர். போன வருடம் இருபத்தாறு பேர் தரம் பதினொன்றின் முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதி, நான்கு பேர்தான் கணிதத்தில் சித்தியடைந்திருந்தார்கள். வத்தேகமவுக்கு மேலே, தோட்டத்து ரோட்டில் இருக்கிற ஒரு சின்னப் பாடசாலை. இரண்டே இரண்டு கணித ஆசிரியர்கள். இருக்கிற பலத்தைப் பன்னிரண்டு பேர் மேல் செலவழித்தால் எட்டுப் பேரையாவது கரை சேர்க்கலாம். அவர் யோசனை அப்படி.

"அந்தப் பதினொரு பேரையும் எனக்குக் குடுங்க சேர்" என்றார் கமலம்.

"டீச்சர், அதில ஏழு பேர் பத்துக்குக் கீழ எடுத்த பிள்ளையள்."

"தெரியும் சேர். நான்தானே திருத்துனேன்."

அதிபர் பேனாவை மூடி வைத்தார். ஒக்டோபர் முடியும் வரைக்கும் பார்க்கலாம் என்றார். அதற்குள் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் பதினொரு பேரும் வாசிகசாலைக்குப் போக வேண்டும், கமலம் தரம் ஆறுக்குப் போக வேண்டும். "பிறகு என்னோட கோவிக்கக் கூடாது டீச்சர்" என்றார்.

கோவிக்க மாட்டேன் என்று கமலம் சொன்னார். இது 2017 மே மாதம். பரீட்சை டிசம்பரில்.

அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அம்பிட்டியவில் மேட்டு வீடு. காலையில் ஐந்தேமுக்காலுக்குப் படியிறங்கினால் கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து வத்தேகமவுக்கு இன்னொரு பஸ், அங்கிருந்து மூன்று ஆசிரியைகள் சேர்ந்து பிடிக்கும் ஓர் ஆட்டோ. இருபத்தாறு வருடங்களில் பாடசாலை மணியடித்த பிறகு அவர் வாசலைத் தாண்டிய நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று மண்சரிவு, ஒன்று மகள் பிறந்ததற்கு முதல் நாள்.

ஏன் அந்தப் பதினொரு பேரைக் கேட்டார் என்பதற்குக் காரணம் உண்டு. அதை அவர் பாடசாலையில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். புசல்லாவையில் படித்த காலத்தில் முதல் தடவை சாதாரண தரம் எழுதி, கணிதத்தில் கோட்டை விட்டார். இரண்டாம் தடவை எழுதும்வரை பதினான்கு மாதம் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போனார். இரண்டாம் தடவை வெறும் சித்திக்கு ஒரு படி மேலே, திறமைச் சித்தி. இரண்டு தடவையும் மூளை ஒன்றுதான். இடையில் ஒருவர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார். கணிதம் இல்லாத பெறுபேற்றை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்து விண்ணப்பத்தையும் நிரப்ப முடியாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதல் நாள் பதினொரு பேருக்கும் இரண்டே இரண்டு கேள்வி கொடுத்தார். ஆயிரத்து ஏழை எண்ணில் எழுது. இருநூற்று ஏழிலிருந்து முப்பத்தெட்டைக் கழி.

நான்கு பேர் 10007 என்று எழுதியிருந்தார்கள். முதலில் ஆயிரம், பின்னால் ஏழு. கழித்தலில் ஏழு பேருக்கு விடை 231. ஏழும் ஒரே விடை. பார்த்து எழுதியதாக இருக்குமோ என்று இடங்களைப் பார்த்தார். எழுதியவர்கள் வகுப்பின் நான்கு மூலையிலும் இருந்தார்கள். மேலே சின்ன இலக்கம், கீழே பெரிய இலக்கம் என்றால் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறார்கள். கவனக்குறைவு ஏழு பேரிடம் ஒரே மாதிரி வராது. இது கவனக்குறைவு அல்ல, ஒரு முறை. பிழையான முறை, ஆனால் ஒழுங்காகப் பின்பற்றப்பட்ட முறை. அன்று பாடக்குறிப்புப் புத்தகத்தில் அவர் எழுதியது ஒரு வரி: "இடப்பெறுமானத்திலிருந்து."

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு, பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கும்போது, தரம் மூன்றின் பாடம். ஆசிரியர் அறையில் விஷயம் பரவியது. "என்ன கமலம், தரம் மூணா நடக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல, ரெண்டு" என்றார் கமலம். கேட்டவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கையில் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வத்தேகம கடைத்தெருவில் மஹ்மூத் நானாவின் மரவேலைக் கடை இருந்தது. கதவு, யன்னல், பெண்ட்ரி அலுமாரி செய்கிற இடம். பிளைவூட் மிச்சத் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். கமலம் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தார். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம், அது நூறு. பத்து நீளம், ஒன்று அகலத்தில் குச்சி, அது பத்து. ஒன்றுக்கு ஒன்று பொட்டு, அது ஒன்று. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் வாள் பாதியைத் தின்றுவிடும், மிச்சம் முறிந்துவிடும் என்று நானா தலையை ஆட்டினார். அப்படியானால் குச்சியையும் பொட்டையும் கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமானதால் கமலம் கிளம்பிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டி தயாராக இருந்தது. பன்னிரண்டு சதுரம், நூறு குச்சி, நூற்றைம்பது பொட்டு. விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார். திங்கட்கிழமை பெட்டி வகுப்புக்குப் போனது.

நூற்று நாற்பத்து மூன்றை அடுக்கச் சொன்னார் கமலம். ஒரு சதுரம், நான்கு குச்சி, மூன்று பொட்டு. எல்லோரும் அடுக்கினார்கள். பத்துக் குச்சியை எடுத்து ஒரு சதுரத்தின் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள், சரியாக மூடும், அதனால்தான் பத்துப் பத்து நூறு என்கிறோம் என்றார்.

சுதேஷ் என்றொருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வத்தேகமச் சந்தையில் அப்பாவின் மரக்கறித் தட்டில் நிற்கிறவன். வாயால் கேட்டால் கணக்குச் சொல்லுவான். எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். அவன்தான் முதலில் சொன்னான்.

"டீச்சர், எட்டுத்தான் புடிக்குது. ரெண்டு வெளிய நிக்குது."

"நெருக்கி வை."

"நெருக்கித்தான் வச்சிருக்கேன். வேணும்னா கொஞ்சம் சீவிப் பாக்கவா?"

வகுப்பு சிரித்தது. கமலம் அடிமட்டத்தை எடுத்து அளந்தார். சதுரம் நாலு அங்குலம். குச்சி நாலு அங்குல நீளம், அரை அங்குல அகலம். பொட்டு அரை அங்குலம். நானா பத்து சென்டிமீட்டரை நாலு அங்குலமாக எடுத்துக்கொண்டு, குச்சியையும் பொட்டையும் மட்டும் டீச்சர் சொன்னபடியே அகலமாக்கியிருந்தார். ஒன்றை அகலமாக்கினால் மற்றதை நீளமாக்க வேண்டும் என்று சொல்லாமல் வந்தது யார்? இருபத்தாறு வருடம் விகிதம் படிப்பித்தவர்.

சுதேஷ் அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தான். சதுரத்தில் எட்டு எட்டு அறுபத்து நாலு, குச்சி நாலில் முப்பத்திரண்டு. "இது நூத்தி நாப்பத்தி மூணு இல்ல டீச்சர். தொண்ணூத்தொம்பது."

கமலம் துண்டுகளைச் சேர்த்துப் பெட்டியை மூடப்போனார். யன்னல் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அனுஷியா. முதலாம் தவணையில் ஆறு புள்ளி எடுத்த பிள்ளை. மேல் கணக்கு என்கிற தோட்டத்து மேற்பிரிவின் லயத்திலிருந்து இறங்கி வருகிறவள். அந்த வருடம் அதுவரை வகுப்பில் அவள் வாயைத் திறந்ததாக யாருக்கும் நினைவில்லை.

"அப்ப குச்சி எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே டீச்சர், மொத்தம் எவ்வளவுன்னு சொல்ல முடியும்?"

கமலம் பெட்டியை மூடாமல் விட்டார். ஆமாம் என்று மட்டும் சொன்னார். அன்று பாடக்குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் திகதி போட்டு அந்த வசனத்தை அப்படியே எழுதினார். கீழே பெயரையும் எழுதினார்.

பின்னேரம் மஹ்மூத் நானாவிடம் போய்ச் சொன்னபோது அவர் அசரவில்லை. "பத்து சென்டிமீட்டர்ண்டா நாலு இஞ்சிதானே டீச்சர். எங்கட வாப்பா காலத்துலயிருந்து அப்பிடித்தான். கதவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

"கதவுக்குத் தெரியாது நானா. கணக்குக்குத் தெரியுது."

வேறு வெட்டித் தருகிறேன் என்றார் அவர். இருக்கட்டும் என்று கமலம் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

மகள் கிருஷாந்தி அப்போது பேராதனையில் பொறியியல் இறுதி வருடம். பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இது அடி எட்டு எண்முறை அம்மா, எட்டெட்டா எண்ணுறது. பழுது. திருப்பிக் குடுத்துருங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய கலண்டர் அட்டைகளையும் சப்பாத்துப் பெட்டிகளையும் உருக்கு அடிமட்டம் வைத்துப் பிளேடால் வெட்டிக் கொடுத்தாள். சதுரம் பத்து சென்டிமீட்டர், குச்சி ஒன்று. அரை மில்லிமீட்டர் பிழை கிடையாது. கமலம் ஒவ்வொரு பத்துக் குச்சியையும் ஒரு சதுரத்தில் அடுக்கிப் பார்த்தார். எல்லாம் பிடித்தன.

பிளைவூட் பெட்டி அலுமாரிக்கு மேலே போனது. அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரம் அட்டைத் துண்டுகள்தான். வகுப்பின் நடுவே ஒரு மேசை, அது மாற்றும் மேசை. அதற்குப் பொறுப்பு அனுஷியா. இருநூற்று ஏழிலிருந்து முப்பத்தெட்டை எடுக்க வேண்டும். கையில் இரண்டு சதுரம், ஏழு பொட்டு. குச்சியே இல்லை. மாற்றும் மேசைக்குப் போ, ஒரு சதுரத்தைக் கொடுத்துவிட்டுப் பத்துக் குச்சி வாங்கு. அதில் ஒன்றைக் கொடுத்துப் பத்துப் பொட்டு வாங்கு. இப்போது எடு. நூற்று அறுபத்தொன்பது. நான்கு நாளில் 231 வகுப்பை விட்டுப் போனது. ஆயிரத்து ஏழு மட்டும் இன்னும் ஒரு வாரம் பிடித்தது. காலியாக இருக்கிற இடமும் ஓர் இடம்தான், அங்கே ஆள் இல்லை என்று சொல்லத்தான் பூச்சியம் என்று கமலம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருநாள் வகுப்புக்கு வராத ஒரு பிள்ளையின் கதிரையைக் காட்டி, "இவ வரலைன்னு கதிரையத் தூக்கி வெளிய போட்டுட்டோமா?" என்று கேட்டார். அதன் பிறகு யாரும் பூச்சியத்தை விடவில்லை.

ஜூலையில் இரண்டாம் தவணைப் பரீட்சை. சித்திக்கு முப்பத்தைந்து வேண்டும். பதினொரு பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. சுதேஷ் முப்பத்தொன்று, அனுஷியா இருபத்தேழு, மற்றவர்கள் இருபதுகளில். வீரசிங்கம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கூடியிருக்குத்தான் டீச்சர். ஆனா ஒண்டும் கரையேறேல்ல" என்றார். ஒக்டோபருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று கமலம் நினைவுபடுத்தினார். ஓகஸ்ட் லீவு அதில் ஒரு மாதம் என்று அவரும் நினைவுபடுத்தினார்.

படிப்பிக்க மிஞ்சியிருந்த பெரிய பாடம் இருபடிச் சார்பு. சாதாரண தர இரண்டாம் வினாத்தாளில் வரைபுக் கேள்வி என்றால் பத்துப் புள்ளி. அட்டவணையில் விடுபட்ட ஒரு பெறுமானத்தை நிரப்பு, புள்ளிகளைக் குறி, வளைகோட்டை வரை என்பதுவரை எல்லாப் பிள்ளைகளும் எப்படியாவது வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு, வரைபைப் பார்த்துச் சார்பின் சமன்பாட்டை எழுது என்று வரும். அங்கேதான் விழுவார்கள். கமலமும் இருபது வருடமாக அதை ஒரு மந்திரம் மாதிரித்தான் படிப்பித்திருந்தார்: வளைகோடு திரும்பும் இடமான திரும்பற் புள்ளியின் முதல் எண்ணைக் குறி மாற்றி அடைப்புக்குள் எழுது, இரண்டாவது எண்ணை மாற்றாமல் வெளியே எழுது. ஏன் ஒன்றை மாற்ற வேண்டும், மற்றதை ஏன் மாற்றக் கூடாது? யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரிடமும் ஒழுங்கான பதில் இருந்திருக்காது. இதை அவர் ஒளித்ததில்லை.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு பின்னேரம், அலுமாரிக்கு மேலிருந்து பிளைவூட் பெட்டியை இறக்கினார்.

மறுநாள் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு அடுக்கு. இடது பக்கம் அட்டை, வலது பக்கம் பலகை. இரண்டிலும் ஒரு சதுரம், நான்கு குச்சி, மூன்று பொட்டு. எவ்வளவு என்று கேட்டார். இடது நூற்று நாற்பத்து மூன்று, வலது தொண்ணூற்றொன்பது. குச்சி ஐந்தாக இருந்தால்? சுதேஷ் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "இருபத்தஞ்சு, இருபது, மூணு. நாப்பத்தெட்டு." குச்சி எவ்வளவு என்று நான் சொல்லவே இல்லை என்றால்?

கமலம் கரும்பலகைக்குப் போய் x² + 4x + 3 என்று எழுதினார். "இது அனுஷியா மே மாசம் கேட்ட கேள்வி" என்றார். அனுஷியா தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு வருடமாக அவர்கள் அந்த மாதிரி எழுத்துகளைக் கொப்பியில் எழுதி வந்தவர்கள்தான். அது நூற்று நாற்பத்து மூன்றின் இன்னொரு உருவம் என்று அன்றுதான் பார்த்தார்கள்.

பிறகு அந்தத் துண்டுகளை வைத்து ஒரே பெரிய சதுரம் செய்யச் சொன்னார். கொஞ்ச நேரம் தடவினார்கள். சதுரத்துக்கு வலது பக்கம் இரண்டு குச்சி, கீழே இரண்டு குச்சி. மூலையில் நான்கு பொட்டுக்கு இடம். இருந்தது மூன்று. சுதேஷ் மேசைக்கு அடியில் குனிந்து தேடினான்.

"ஒரு பொட்டுத் தொலைஞ்சிருச்சு டீச்சர்."

"தொலையல. அது இல்லவே இல்ல. இல்லைங்கிறதையும் சேத்து எழுது."

ஒரு பக்கம் குச்சியோடு இரண்டு. அதன் வர்க்கம். அதில் ஒன்று குறைவு. (x + 2)² − 1. எட்டைப் போட்டுப் பார்த்தார்கள். பத்தின் வர்க்கம் நூறு, ஒன்று குறைய தொண்ணூற்றொன்பது. பத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நூற்று நாற்பத்து நான்கு, ஒன்று குறைய நூற்று நாற்பத்து மூன்று. சுதேஷ் ஐந்தையும் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியா வருது டீச்சர்" என்றான். எங்கோ ஏமாற்றப்படுகிறோம் என்ற சந்தேகம் அவன் குரலில் இருந்தது.

வரைபுக்குப் போக இன்னும் இரண்டு வாரம். மரக் குச்சியின் நீளம் பூச்சியத்தோடு நின்றுவிடும், ஆனால் சமன்பாடு அதைத் தாண்டி இடது பக்கம் போகும் என்று சொல்லிக் கொடுத்தார். சதுரம் சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். அதற்குக் கீழே எந்த வர்க்கமும் போகாது. அப்போதும் அந்த ஒரு பொட்டுக் குறை மிஞ்சும். அதுதான் வரைபின் அடி, கழித்தல் ஒன்று. சதுரம் எப்போது ஒன்றுமில்லாமல் போகும்? x + 2 பூச்சியமாகும்போது. அதாவது x கழித்தல் இரண்டாக இருக்கும்போது. குறி ஏன் மாறுகிறது என்பதற்கு இருபது வருடத்துக்குப் பிறகு அவரிடம் பதில் இருந்தது.

ஒக்டோபர் இரண்டாம் வாரம் மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. அதிபர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பதினொரு பேரும் மரத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி ஒரு குச்சியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இது எத்தனையாம் தரம் என்று கேட்டார். பதினொன்று என்று வீரசிங்கம் சொன்னார். சத்தம் குறைவாக இருந்தது. பரீட்சைக்கு எட்டு வாரம் இருக்கும்போது ஆரம்பப் பிரிவு விளையாட்டுச் சாமானோடு உட்கார வைத்திருக்கிறீர்கள், கடந்தகால வினாத்தாள்கள் எங்கே என்று அதிகாரி கேட்டார். கோபப்படவில்லை. கையிலிருந்த கோப்பைத் திறந்து எழுதத் தயாரானார். அவர் என்ன எழுதினாலும் மறுநாள் அதிபர் அதன்படி நடக்க வேண்டும். வாசிகசாலைச் சாவி அதிபரின் மேசை லாச்சியில்தான் இருந்தது.

"எழுதுறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுப் பாருங்க சேர்" என்றார் கமலம்.

அதிகாரி கரும்பலகைக்குப் போய் அச்சுகளை வரைந்தார். ஒரு வளைகோடு. கிடை அச்சை ஒன்றிலும் மூன்றிலும் வெட்டியது. அடி, இரண்டுக்கு நேரே கழித்தல் ஒன்றில் இருந்தது. சமன்பாடு என்ன என்று கேட்டார். சுதேஷ் கையைத் தூக்கினான். அவர் யன்னல் ஓரத்தைப் பார்த்து, "நீங்க வாங்க மகள்" என்றார்.

அனுஷியா வெண்கட்டியை எடுத்து y = (x + 2)² − 1 என்று எழுதினாள்.

பிழை. வளைகோடு இந்தத் தடவை வலது பக்கம் இருந்தது.

கமலம் வெளியே, தேயிலை மலையைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் அவள் இவர் முகத்தைப் பார்ப்பாள். ஒரு சின்ன இருமல் போதும், அனுஷியா கூட்டலைக் கழித்தலாக்கிவிடுவாள். ஆனால் அது இருமலுக்குச் செய்த திருத்தமாக இருக்கும். பதினொரு பேரின் ஒக்டோபர் கெடுவும் அந்த ஓர் இருமலில் தொங்கியது. வீரசிங்கம் அவரைப் பார்த்தார். கமலம் இருமவில்லை.

அனுஷியா ஓர் அடி பின்னால் வந்து வளைகோட்டைப் பார்த்தாள். தான் எழுதியதற்குக் கீழே சின்னதாக, x இருந்த இடத்தில் இரண்டைப் போட்டாள். நாலின் வர்க்கம் பதினாறு, ஒன்று குறைய பதினைந்து. வளைகோட்டில் இரண்டுக்கு நேரே கழித்தல் ஒன்று.

"பிழை" என்றாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

விரலால் கூட்டல் அடையாளத்தை அழித்துவிட்டுக் கழித்தல் போட்டாள். மறுபடி இரண்டைப் போட்டாள். கழித்தல் ஒன்று. அதோடு விடவில்லை, மூன்றையும் போட்டாள். பூச்சியம். "இப்ப சரி."

ஏன் கழித்தல் என்று அதிகாரி கேட்டார்.

"அன்னைக்குக் குச்சிய ஒட்டுனோம் சேர். இதுல வெட்டியிருக்கு. ஒட்டுனா பள்ளம் இடது பக்கம் போவும், வெட்டுனா வலது பக்கம் வரும்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. ரெண்டப் போட்டுப் பாத்தேன்."

அதிகாரி அதிபரின் பக்கம் திரும்பி, இந்தப் பிள்ளை முதலாம் தவணையில் எத்தனை புள்ளி என்று கேட்டார்.

"ஆறு" என்றார் வீரசிங்கம்.

"அறுபதா?"

"இல்லை சேர். ஆறு."

அதிகாரி பாடசாலைக் குறிப்புப் புத்தகத்தை வாங்கி எழுதிவிட்டுப் போனார். மூன்று வரி. தரம் பதினொன்று, கணிதம். மரத் துண்டுகளைப் பயன்படுத்திக் கற்பித்தல். தொடரலாம். அன்று பின்னேரம் அம்பிட்டியவில் படியேறி வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல், கடைசிச் சொல்லைக் கமலம் இரண்டு தடவை சொன்னார். பிளைவூட் பெட்டி எட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நானாவிடம் சொல்ல வேண்டும் என்றார். சொன்னாராம். அதைத்தான் அன்றே சொன்னேனே டீச்சர், கதவுக்கு வித்தியாசம் தெரியாது என்று நானா பதில் சொன்னாராம்.

மார்ச் கடைசியில் பெறுபேறு வந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் சித்தி. ஆறு பேருக்குச் சாதாரண சித்தி, அனுஷியாவுக்குத் திறமைச் சித்தி. கமலம் வீட்டில் ஏழு என்று சொல்லவில்லை. நாலு பேர் போயிட்டாங்க என்றுதான் சொன்னார். அந்த நாலு பேரில் சுதேஷும் ஒருவன். சந்தை முடிந்து ஞாயிறு பின்னேரங்களில் அவனும் இன்னொருத்தியும் அம்பிட்டிய வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த டிசம்பரில் இரண்டு பேரும் தாண்டினார்கள். அந்தப் பெறுபேறு வந்த அன்று கமலம் பாயாசம் வைத்தார். மற்ற இரண்டு பேரின் பெயரும் அவருக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது.

அறுபது வயதில், 2023இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் பெப்ரவரியில், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, இறந்தார். வீரசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். "நான் கோடு போட்டனான்" என்று கிருஷாந்தியிடம் சொன்னார்.

கிருஷாந்தி இப்போது பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறாள். பழுது, திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னவளின் மேசையில்தான் அந்தப் பிளைவூட் பெட்டி இருக்கிறது. ஒரு சதுரத்தில் எட்டுக் குச்சிதான் பிடிக்கும். அவள் சரிபார்த்திருக்கிறாள்.

பெட்டிக்கு அடியில் பாடக்குறிப்புப் புத்தகம். அதற்குள் இரண்டு தாள்கள் சேர்த்துக் குத்தப்பட்டிருக்கின்றன. முதலாவது 2017 மே மாதப் பட்டியல். இருபத்து மூன்று பெயர், பன்னிரண்டாவது பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. இரண்டாவது அதற்கடுத்த வருடத்து மே மாதப் பட்டியல். அதே அதிபர், அதே கையெழுத்து, அதே சிவப்புப் பேனாவால் மேலே "கமலம் டீச்சருக்கு" என்று எழுதியிருக்கிறது. முப்பத்தொரு பெயர். கோடு இல்லை.